ஏசிசி நிர்வாகத்துக்கு: 18 அணிகளையும் ஆட விடுங்கள்

மதிப்புக்குரிய ஆணையர் ஜிம் பிலிப்ஸ் அவர்களுக்கும், ஏசிசி (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) என்ற அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பில் உள்ள 18 பல்கலைக்கழகங்களின் தலைவர்களுக்கும் வணக்கம்.

2025 மார்ச்சில் சார்லட்டில் நடந்த ஆண்கள் கூடைப்பந்துத் தொடரில் 15 அணிகளுக்குத்தான் இடம் கொடுத்தீர்கள். லீக் சுற்றில் கடைசியாக வந்த மூன்று அணிகளுக்கு இடமில்லை என்பது அந்த ஆண்டு நீங்கள் கொண்டுவந்த புது விதி. பாஸ்டன் கல்லூரி, மயாமி, என்.சி. ஸ்டேட் (வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம்) ஆகியவை வெளியே நின்றன. இதில் என்.சி. ஸ்டேட் முந்தைய ஆண்டின் சாம்பியன். தன் பட்டத்தைக் காத்துக்கொள்ள ஒரு ஆட்டம்கூட அந்த அணிக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பட்டம் எப்படி வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். பத்தாவது இடத்தில் இருந்த அணி, ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் வென்றது. ரமலான் நோன்பு இருந்துகொண்டே ஆடினார் அந்த அணியின் முகமது டியாரா. அரையிறுதியில் வர்ஜீனியா மூன்று புள்ளி முன்னிலையில் இருக்க, கடைசி நொடியில் என்.சி. ஸ்டேட்டின் மைக்கேல் ஓ'கானல் வீசிய பந்து பலகையில் பட்டு, வளையத்தில் உருண்டு உள்ளே விழுந்தது. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. மறுநாள் வட கரோலினா பல்கலைக்கழக அணியை 84-76 என்று வென்று, அங்கிருந்து நாட்டின் எல்லா கான்ஃபரன்ஸ்களுக்குமான தேசியத் தொடரின் அரையிறுதி வரை போனார்கள். 1987க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் ஏசிசி பட்டம் அது.

பத்தாவது இடம் பதினைந்துக்குள்தானே வருகிறது என்பீர்கள். சரி, வருகிறது. ஆனால் அந்த இடங்களை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? 1953இல் தொடங்கிய கான்ஃபரன்ஸில் எட்டு அணிகள் இருந்த காலத்தில், ஒவ்வொரு அணியும் மற்ற ஏழு அணிகளோடும் சொந்த ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று என்று 14 ஆட்டம் ஆடியது. கடைசி இடம் என்றால் அது நிஜமாகவே கடைசி இடம். அப்போதுகூட, தண்டனை, தடை என்று ஏதும் இல்லாத வரை அந்த அணிக்கும் தொடரில் இடம் இருந்தது. 2024-25இலோ சில அணிகளோடு இரண்டு முறை, மற்றவர்களோடு ஒரே முறை என்று அட்டவணையே ஆளுக்கு ஆள் மாறியது. அப்படி வந்த புள்ளிப்பட்டியலை வைத்து மூன்று அணிகளின் வாசலை அடைப்பது எந்த நியாயம்? தொடரில் வெல்பவரே ஏசிசி சாம்பியன் என்பதும் உங்கள் விதிதானே?

1974ஐ நினைத்துப் பாருங்கள். கிரீன்ஸ்பரோ இறுதி ஆட்டத்தில் மேரிலாண்ட் கூடுதல் நேரத்தில் 103-100 என்று என்.சி. ஸ்டேட்டிடம் தோற்றது. நாட்டிலேயே நான்காவது இடத்தில் இருந்த அணி அது. ஒரு கான்ஃபரன்ஸுக்கு ஒரே அணி என்ற விதியால் தேசியத் தொடருக்குப் போக முடியவில்லை. அந்த அநியாயம் எல்லோரையும் உறுத்தியது. மறு ஆண்டே தேசியத் தொடர் 32 அணிகளாக விரிந்து, இரண்டாவது அணிக்கும் வழி திறந்தது. நாட்டுக்கே அந்தக் கதவைத் திறக்கக் காரணமாக இருந்த கான்ஃபரன்ஸ், இன்று தன் வீட்டுக் கதவைச் சாத்துகிறது. இதைப் பார்க்க வயிறு எரிகிறது.

அந்த மேரிலாண்டும் 2014இல் போய்விட்டது. உங்கள் அலுவலகம் கிரீன்ஸ்பரோவை விட்டு சார்லட்டுக்குப் போய்விட்டது. அமெரிக்க ஃபுட்பால் பணத்துக்காகக் கலிஃபோர்னியா வரை போய் ஸ்டான்ஃபோர்டையும் பெர்க்லியையும் சேர்த்தீர்கள். ஒரு வார நாள் ஆட்டத்துக்காக அந்த மாணவர்கள் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பறக்கிறார்கள். அத்தனை பேரைச் சேர்க்க உங்களால் முடிந்தது. சேர்த்தவர்களுக்குத் தொடரில் இடம் கொடுக்க மட்டும் முடியவில்லையா?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிதல்ல. 18 அணிகளையும் சேர்த்தால் கூடுதலாக மூன்றே மூன்று ஆட்டம்தான். 2025இல் உங்களைப் போலவே 15 அணிகளோடு நிறுத்திய இன்னொரு கான்ஃபரன்ஸான பிக் டென், அடுத்த ஆண்டே தன் 18 அணிகளையும் சேர்ப்பதாக அறிவித்தது. நான்கு வருடம் உழைத்த ஒரு இறுதியாண்டு மாணவனின் கடைசி ஆட்டம் யாரும் கவனிக்காத ஒரு லீக் ஆட்டமாக முடியக் கூடாது. அடுத்த தொடரின் அட்டவணையில் 18 அணிகளின் பெயரும் இருக்கும்படி செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வட கரோலினாவிலிருந்து ஒரு ரசிகன்