நாற்காலி போதும், படியிறக்க ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழின் வட்டாரச் செய்திப் பக்கத்தில் ஒரு படம் பார்த்தேன். புத்தம்புதுச் சக்கர நாற்காலி ஒன்று, அதில் ஒரு பெரியவர், அவரைச் சுற்றிப் பதினொரு பேர். எண்ணித்தான் சொல்கிறேன். பதினொரு பேரும் சிரித்தபடி நாற்காலியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார்கள். கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. படம் எடுத்து முடிந்தபின் அந்தப் பெரியவரை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது யார், அவர் வீடு எத்தனையாவது மாடி என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு பழைய ஐந்து மாடிக் குடியிருப்பில் இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கிறேன். மின்தூக்கி கிடையாது, கட்டிய நாளிலிருந்தே கிடையாது. எங்கள் புளோக்கில் மட்டும் இப்போது ஐந்து சக்கர நாற்காலிகள் இருக்கின்றன. ஐந்தும் தானமாக வந்தவை. ஒன்றில் பழைய நாளிதழ்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள், உங்கள் நாளிதழும் அதில் உண்டு. ஒன்றின்மேல் துணி காய்கிறது. இன்னொன்று மாடிப்படிக்குக் கீழே சங்கிலி போட்டுப் பூட்டிக் கிடக்கிறது. அதற்குரியவர் மூன்றாம் மாடியில் இருக்கிறார். நாற்காலியும் அவரும் சந்தித்துக்கொண்டு நான்கு மாதம் ஆகிறது.

நான் 31 ஆண்டுகள் பள்ளி வேன் ஓட்டியவன். வயது 67. வேனை விற்கவில்லை. பிள்ளைகளை ஏற்றிய வண்டியில் இப்போது என்னைவிட மூத்தவர்களை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கும் கிளினிக்குக்கும் போகிறேன். பெட்ரோலுக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், கொடுக்காவிட்டால் கேட்கமாட்டேன். (என் மனைவிக்கு இதில் வேறு கருத்து உண்டு.) வண்டி ஓட்டுவது எனக்கு ஒரு வேலையே இல்லை. வண்டியின் கதவு வரைக்கும் ஆளைக் கொண்டுவருவதுதான் வேலை.

நான்காம் மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். பெயர் வேண்டாம், அக்கா பேப்பர் படிப்பவர். இனிப்பு நீர் முற்றி வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிறகு சிறுநீரகமும் கைவிட்டது. செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். சிகிச்சைக்கான செலவுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. கிடைக்காமல் இருப்பது அறுபத்து நான்கு படிகளுக்கான வழி. தரையிலிருந்து அவர் வாசல் வரை 64 படிகள். எனக்கு அது மனப்பாடம்.

முதல் மாதம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கினோம். மூன்றாவது வாரம் நாற்காலியின் கால் விரிசல் விட்டது, நல்லவேளையாக அப்போது படிகள் திரும்பும் சமதளத்தில் நின்றுகொண்டிருந்தோம். பிறகு மருத்துவமனையில் உடற்பயிற்சி சிகிச்சை கொடுக்கும் பெண்ணிடம் கேட்டுச் சக்கர நாற்காலியிலேயே இறக்கக் கற்றுக்கொண்டோம். இறங்கும்போது உட்கார்ந்திருப்பவர் முகம் கீழ்ப்படியைப் பார்த்திருக்க வேண்டும். நாற்காலியைப் பின்னால் நன்றாகச் சாய்த்து, பெரிய சக்கரங்களை ஒவ்வொரு படியாக உருட்டி இறக்க வேண்டும். பலசாலி பின்னால் நின்று கைப்பிடியைப் பிடிக்கவேண்டும், மற்றவர் முன்னால் நின்று இரும்புச் சட்டத்தைப் பிடிக்கவேண்டும். கால் மிதியைப் பிடித்தால் அது கழன்று கையோடு வந்துவிடும். இது எங்களுக்கு யாரும் சொல்லித் தெரிந்ததில்லை, கழன்ற பிறகு தெரிந்தது. ஏறும்போது நாற்காலியைத் திருப்பி, முதுகுப் பக்கமாக மேலே இழுக்கவேண்டும்.

இறங்குவது பெரிய காரியமில்லை. காலையில் அக்கா தெளிவாக இருப்பார், எங்களையே அதட்டுவார். திரும்பி வரும்போதுதான் பாடு. நான்கு மணி நேரம் இரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகி உள்ளே வந்த உடம்பில் அழுத்தம் இறங்கிப்போய், தலை தொங்கிவிடும். அந்த நிலையில் உள்ளவரை இழுத்துக்கொண்டு 64 படி ஏறவேண்டும். இரண்டாம் மாடியில் ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் தொட்டு முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி ஏறுவோம். தண்ணீரைக்கூட அவர் அளந்துதான் குடிக்கவேண்டும் என்பதால், துடைப்பதோடு சரி.

தூக்குவது யார்? மூன்றாம் மாடித் தம்பி ஒருவர், அவருடைய நண்பரான மலாய்க்காரத் தம்பி ஒருவர். இரண்டாமவர் படிக்குப் படி "பெலான், பெலான், மக்சிக்" (மெதுவாக, மெதுவாக, அம்மா) என்று சொல்லிக்கொண்டே இறங்குவார், அக்கா அந்தக் குரலைக் கேட்டால்தான் பயமில்லாமல் இருப்பார். இருவருக்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை. ஷிப்ட் மாறினால் எங்கள் கணக்கும் மாறிவிடும். என் முதுகு ஒரு பக்கம் தாங்கும், இரண்டு பக்கமும் தாங்காது.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை இரண்டு தம்பிகளுக்கும் காலை ஷிப்ட் விழுந்தது. யார் யாரையோ கேட்டேன். ஆள் அமையவில்லை. "ஒருநாள்தானே, செவ்வாய்க்கிழமை போய்க்கொள்ளலாம்" என்று அக்காவே சொன்னார். திங்கள் இரவு பதினொரு மணிக்கு அவர் மகள் என் கதவைத் தட்டினார். உடம்பில் நீர் ஏறி, படுத்தால் மூச்சு முட்ட, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் அக்கா. 999-ஐ அழைத்தோம். அவசர வண்டியில் வந்த இரண்டு இளைஞர்கள் மேலே வந்து, கட்டி, தூக்கி, ஐந்து நிமிடத்தில் கீழே இறக்கிவிட்டார்கள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு நிற்கப்போகிறது என்றால் இறக்க ஆள் வருகிறது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அதே இரண்டு பேர் கிடைத்திருந்தால் இந்த இரவே வந்திருக்காது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதினால் அது பொய். மூத்த குடிமக்களுக்கான தேசியக் கொள்கை 1995-இலேயே வந்தது, 2011-இல் அதைத் திருத்தியும் எழுதினார்கள். சமூக நல இலாகாவின் முதியோர் உதவித்தொகை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 500 ரிங்கிட்டிலிருந்து 600 ஆனது. முதியவர்கள் பகலில் கூடிப் பேச, உடற்பயிற்சி செய்ய 'பாவே' என்று நாம் சொல்லும் நடவடிக்கை மையங்கள் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கான 'பிடிகே' மறுவாழ்வு மையங்கள் 1984-இல் திரங்கானு பத்து ராக்கிட்டில் ஒன்றாகத் தொடங்கி இன்று நாடு முழுவதும் ஐநூறுக்கு மேல் ஆகிவிட்டன. இங்கே பாகான் ஜெர்மால் சாலையில் பார்வை இழந்தவர்களுக்காக செயிண்ட் நிக்கலஸ் இல்லம் இருக்கிறது, அது 1926-இல் தொடங்கிய அமைப்பு. அந்தச் சாலையில் எத்தனையோ ஆண்டுகள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று எங்கள் புளோக்குத் தையற்காரர் ஒருவருக்குக் கண் மங்கிய பிறகுதான் விசாரித்தேன். அது என் குறை.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை தரைக்கு வந்துவிட்ட மனிதருக்கானவை. மையத்துக்குப் போகலாம், மையத்தின் வாசல் வரை போக முடிந்தால். வீட்டுக்கே ஆள் வரும் திட்டம் ஒன்று உண்டு. இலாகாவின் 'வீட்டில் உதவி'த் திட்டத்தில் தொண்டர்கள் தனித்து வாழும் முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் வீடு தேடி வந்து பார்க்கிறார்கள். எனக்கு இருப்பதிலேயே பிடித்த திட்டம் இதுதான். வருபவர் பேச்சுத்துணை, துடைத்துவிடுவார், சமைத்தும் கொடுப்பார். அவரும் பெரும்பாலும் ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண்மணிதான். அவரால் எண்பது கிலோ உடம்பை மாடியிலிருந்து இறக்க முடியுமா?

2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைச் சட்டம் படித்த என் மருமகள் எனக்கு வாசித்துக் காட்டினாள். பொதுக் கட்டடங்களையும் பொதுப் போக்குவரத்தையும் மற்றவர்களைப் போலப் பயன்படுத்தும் உரிமை உண்டு என்கிறது. "மீறினால் என்ன தண்டனை?" என்று கேட்டேன். பக்கங்களைப் புரட்டிவிட்டு, "அது இதில் இல்லை மாமா" என்றாள். அதோடு அந்தப் புத்தகத்தை மூடிவிட்டோம்.

அட்டை வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். 'ஓகேயு' என்னும் மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்க மருத்துவர் உறுதிப்படுத்த வேண்டும், படம் வேண்டும், விண்ணப்பப் பாரம் நிரப்பவேண்டும். பூட்டிய நாற்காலிக்காரருக்கு இவை எதற்கும் இறங்க முடியவில்லை. படத்துக்கு மட்டும் வழி கண்டுபிடித்தோம். பின்னால் இரண்டு பேர் வெள்ளைப் போர்வையைப் பிடித்துக்கொள்ள, என் பேரன் கைப்பேசியில் எடுத்தான். நான்காவது முறைதான் போர்வை பிடித்தவரின் விரல் படத்தில் விழாமல் வந்தது. மலாய்ப் பாரத்தை நிரப்ப எங்கள் புளோக்கின் பெரியவர்களுக்குத் தெரியாது. தோட்டத்தில் பேசிப் பழகிய மலாய் வேறு, பாரத்தில் வரும் மலாய் வேறு. ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் என் வாசலில் காகிதத்தோடு நிற்கிறார்.

நம்மவர்களிடம்தான் எனக்குக் கேட்க நிறைய இருக்கிறது. தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். சாப்பிட ஆள் தேடிக் கூப்பிட்டுக் கொடுக்கிறோம். 513 படி ஏறிப் பாலதண்டாயுதபாணியைக் கும்பிட்டுவிட்டு வருகிறோம். நானும் முட்டி இருந்தவரை பால்குடத்தோடு ஏறியவன்தான், பக்தியைப் பழிக்கவில்லை. அன்றைக்குக் காவடியோடு வரும் தோள்களைப் பார்க்கும்போது எனக்கு மட்டும் வேறு கணக்கு ஓடுகிறது. இதில் இரண்டு தோள், வருடத்தில் இரண்டு சனிக்கிழமை.

காசுக் கணக்கும் போட்டு வைத்திருக்கிறேன். இலவசமாகச் செய்யச் சொன்னால் இரண்டு மாதம் செய்வார்கள், பிறகு கல்யாணம், ஷிப்ட், கால்பந்து என்று நின்றுவிடும். ஆகவே கூலி கொடுக்கவேண்டும். இரண்டு இளைஞர்கள், ஒருமுறை தூக்கத் தலைக்குப் பத்து வெள்ளி, அதாவது பத்து ரிங்கிட். ஏற்றமும் இறக்கமும் சேர்த்து ஒரு நாளைக்கு 40, வாரத்துக்கு 120, நான்கு வாரத்துக்கு 480 வெள்ளி. கடையில் விசாரித்தேன், சாதாரண சக்கர நாற்காலி 320 வெள்ளி சொன்னார்கள். ஒன்றரை நாற்காலி விலையில் அக்கா ஒரு மாதம் முழுக்க ஒருநாளும் தவறாமல் போய்வரலாம். ஒரே புளோக்கில் மூன்று பேர் இருந்தால், நேரத்தை ஒட்டிப் போட்டு இரண்டு இளைஞர்களுக்கு ஓரளவு நிலையான வருமானமாகவே ஆக்கிவிடலாம். தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்க ஒரு காலை போதும்.

கோயில் நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் அடுத்த நாற்காலியை வாங்குமுன் இதை யோசிக்கவேண்டும். அன்னதானம் செய்யும்போது பத்துத் தூக்குச் சட்டியாவது மாடி ஏறட்டும் என்று எங்கள் பகுதிக் கோயிலில் சொல்லிப் பார்த்தேன். "வந்தால் கொடுக்கிறோமே ஐயா" என்றார்கள். வர முடியாதவர்களைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தோம்.

இதில் படம் எடுக்க ஒன்றும் இருக்காது என்பது எனக்குத் தெரியும். விடியற்காலை, மங்கலான மாடிப்படி, வியர்த்த பனியன், கொட்டாவி விடும் இரண்டு தம்பிகள். அப்படியும் உங்கள் நிருபர் யாராவது வந்து பார்க்க விரும்பினால், செவ்வாய்க்கிழமை ஐந்தே முக்காலுக்கு வரட்டும். என் முகவரியை இந்தக் கடிதத்தோடு தனியாக உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன், அச்சிடவேண்டாம்.

அடுத்த மாதம் முதல் இரண்டு வாரமும் மூன்றாம் மாடித் தம்பிக்கு மறுபடியும் காலை ஷிப்ட். முன்பக்கம் சட்டத்தைப் பிடிக்க ஓர் ஆள் குறைகிறது. ஜெலுத்தோங் பக்கம் இருப்பவர், முதுகுவலி இல்லாதவர் யாராவது இதைப் படித்தால் ஆசிரியர் வழியாகத் தெரிவிக்கவும். காலில் செருப்பு வேண்டாம், படி வழுக்கும், காலணி போட்டு வரவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி வேன் ஓட்டுநர்,
ஜெலுத்தோங், பினாங்கு.