செயலாளரின் ஆண்டறிக்கை: சாங்கி, புவன விஸ்தா பீரங்கித் தளங்கள் குறித்த பணி

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தின் முடிவுப்படி நம் வட்டார வரலாற்றுச் சங்கம் இவ்வாண்டு ஒரே பொருளை எடுத்துக்கொண்டு உழைத்தது. சிங்கப்பூரின் கரையைக் காக்க நிறுவப்பட்டு, 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படையினராலேயே தகர்க்கப்பட்ட 15 அங்குலக் குழல்வாய் விட்டம் கொண்ட பீரங்கிகளின் வரலாறே அது. அப்பணியின் விவரத்தைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செம்பவாங்கில் கடற்படைத் தளம் அமைப்பதென 1920களில் பிரிட்டன் முடிவு செய்தபோதே, அத்தளத்தை நெருங்கும் எதிரிப் போர்க்கப்பல்களைத் தொலைவிலேயே தடுத்து நிறுத்தும் பீரங்கிகளும் திட்டத்தில் இடம்பெற்றன. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1935ஆம் ஆண்டு வெள்ளி விழாவையொட்டி ஜோகூர் சுல்தான் இப்ராகிம் 5,00,000 பவுண்டு நன்கொடை அளித்தார். அதில் பெரும்பகுதி பாதுகாப்புப் பணிக்குச் சென்றதால், சாங்கியில் மூன்று 15 அங்குலப் பீரங்கிகள் நின்ற தளம் ‘ஜோகூர் பீரங்கித் தளம்’ எனப் பெயர் பெற்றது. அதே வகைப் பீரங்கிகள் இரண்டு தீவின் தென்மேற்கே புவன விஸ்தா தளத்தில் நின்றன. இவற்றுடன் பிளாக்காங் மாத்தி என்று அன்று அழைக்கப்பட்ட செந்தோசா, தெக்கோங், லாப்ரடார், பாசிர் லாபா, ஜோகூரின் பெங்கெராங் முதலிய இடங்களில் 9.2 அங்குல, 6 அங்குலப் பீரங்கிகளும் இருந்தன.

சமூக மன்றத்தில் நாம் நடத்திய உரையரங்குகளில் மீண்டும் மீண்டும் எழுந்தது ஒரே கேள்விதான். பீரங்கிகள் கடலையே பார்த்து நின்றதால்தான் சிங்கப்பூர் வீழ்ந்தது என்பது உண்மையா? பள்ளி நாளிலிருந்து நம்மில் பலர் கேட்டு வளர்ந்த கதை இது. ஆய்வுக்குழுவின் முடிவைத் தெளிவாகவே பதிவு செய்கிறேன்: இந்தக் கதை பிழையானது. சாங்கியின் மூன்று பீரங்கிகளில் இரண்டைத் தரைப்பக்கம் திருப்ப முடிந்தது. அவை ஜோகூர் பாருவை நோக்கியும், ஜப்பானியர் கரையேறிய பின் தீவின் மேற்குப் பகுதியை நோக்கியும் சுட்டன. பிளாக்காங் மாத்தியின் 9.2 அங்குலப் பீரங்கிகளும் தீவின் மேற்கிலுள்ள தெங்கா பக்கம் சுட்டன. சாங்கியின் மூன்றாவது பீரங்கிக்கும் புவன விஸ்தாவின் இரண்டுக்கும் சுழலும் எல்லை குறுகியதாக இருந்தது. புவன விஸ்தா பீரங்கிகள் போரில் ஒரு குண்டுகூடச் சுடாமலே அழிக்கப்பட்டன.

உண்மையான குறை குண்டில்தான் இருந்தது. கப்பலின் தடித்த எஃகுக் கவசத்தைத் துளைத்து உள்ளே சென்றபின் வெடிப்பதற்காக வார்க்கப்பட்ட குண்டின் எடையில் பெரும்பங்கு எஃகே. வெடிமருந்தின் அளவு மிகச் சிறிது. அப்படிப்பட்ட குண்டு ரப்பர்த் தோட்டத்து ஈரமண்ணில் விழுந்தால் ஆழப் புதைந்துதான் வெடிக்கும். சுற்றிலும் பரவியிருக்கும் காலாட்படைக்கு அதனால் பெரிய சேதம் இராது. சிதறி வெடித்துப் படைகளை அழிக்கும் குண்டுகள் 15 அங்குலப் பீரங்கிகளுக்கு வழங்கப்படவே இல்லை. 9.2 அங்குலப் பீரங்கிகளிடம் இருந்தவையும் சொற்பமே. எனவே திசை பற்றிய கதை, மலாயா முழுவதையும் 1941 டிசம்பர் முதல் இழந்துவந்த கட்டளைப் பீடத்தின் பொறுப்பைப் பீரங்கிகள் தலையில் கட்டிவிடுகிறது. ஜப்பானியக் கடற்படை தெற்குக் கரையை நேரடியாகத் தாக்க முன்வரவில்லை என்பதையும் நாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த அளவில் இப்பீரங்கிகள் தமக்கு இட்ட வேலையைச் செய்தன என்பதே என் கருத்து.

பள்ளி விடுமுறையில் மாணவர்களுக்காக நடத்திய நிகழ்ச்சியைத் தனியே குறிப்பிட விரும்புகிறேன். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பீரங்கிக் குழலின் நீளமான 16.5 மீட்டருக்குச் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்தோம். தூண்களைத் தாண்டிச் சென்ற அந்தக் கோடு அஞ்சல் பெட்டிகளின் அருகில்தான் முடிந்தது. அதன் முனையில் 38 சென்டிமீட்டர் விட்டத்தில் குழல்வாயை வட்டமாக வரைந்தபோது, தொடக்கநிலை இரண்டில் படிக்கும் சிறுமி ஒருத்தி அதற்குள் குந்தி உட்கார்ந்து, “இவ்வளவு பெரிய குண்டை யார் தூக்கினார்கள்?” என்று கேட்டாள். ஒரு குண்டின் எடை ஏறத்தாழ 880 கிலோ என்பதையும், நிலத்தடிக் கிடங்கிலிருந்து இயந்திர விசையால் அது மேலே ஏற்றப்பட்டதையும் நம் துணைச்செயலாளர் அவளுக்குப் படம் போட்டு விளக்கினார்.

சாங்கிப் பீரங்கிகள், 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைவதற்குச் சில நாள்களுக்கு முன்பே எதிரியின் கையில் சிக்காதபடி தகர்க்கப்பட்டன. போருக்குப்பின் எஞ்சிய இரும்பு பழைய இரும்பாகப் போயிற்று. 1956இல் பிரிட்டன் தன் கரையோரப் பீரங்கிப் பிரிவையே கலைத்தது. சாங்கித் தளம் மண்மூடிக் கிடந்து, 1991இல் சிறைத்துறையினரால் கண்டறியப்பட்டது. 2002 முதல் அங்கே மாதிரிப் பீரங்கி ஒன்று நிற்கிறது. நிலத்தடி அறைகளுக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. புவன விஸ்தாவுக்கு அந்த வாய்ப்பும் அமையவில்லை. உலு பாண்டான் பக்கம் அன்றாடம் பேருந்தில் போய்வருவோரில் பெரும்பாலோர், அங்கே அப்படியொரு தளம் இருந்ததை அறியார். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராக வேலை பார்த்தார்கள். அவர்களின் குடும்பத்தார் சிலர் நம் உறுப்பினர்களாக இருப்பதால், அவர்கள் வீட்டில் கேட்டறிந்த செய்திகளை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியுள்ளோம். இப்பணி மெதுவாகவே நடக்கிறது. மூத்தோர் காலத்தைக் கருதி, பதிவுக்குழுவில் இளையர்கள் சேர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். செயற்குழுவின் சார்பில் இரு தீர்மானங்களை முன்மொழிகிறேன். ஒன்று, நம் வழிகாட்டிக் கையேட்டில் ‘தவறான திசையில் நின்ற பீரங்கிகள்’ என்னும் தொடரை நீக்கி, குண்டு பற்றிய விளக்கத்தைச் சேர்ப்பது. மற்றொன்று, புவன விஸ்தா தளத்தைக் குறிக்கும் தகவல் பலகை ஒன்றை நான்கு மொழிகளிலும் வைக்குமாறு உரிய அமைப்பிடம் எழுத்து மூலம் விண்ணப்பிப்பது. இவ்வறிக்கையையும் இவ்விரு தீர்மானங்களையும் பொதுக்குழு ஏற்க வேண்டுகிறேன்.

இவண்,
செயலாளர்