பேராசிரியர் அல்ல, விவசாயி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கக் காங்கிரசில் இந்திய வம்சாவளியினர் என்னும் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலைப் பற்றி விரிவாகச் சொல்லும் கட்டுரையாளர், அந்த அவைக்குள் முதன்முதலில் நுழைந்த இந்தியரான தலீப் சிங் சௌந்தை ஒரே வரியில் கடந்துவிடுகிறார். அந்த வரியிலும் 'கணிதப் பேராசிரியர்' என்று தவறாகக் குறிப்பிடுகிறார்.

பஞ்சாபில் 1899இல் பிறந்த சௌந்த், கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1924இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார் என்பது உண்மைதான். ஆனால் இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதற்கு முந்தைய ஆண்டே தீர்ப்பளித்துவிட்டிருந்ததால், படிப்புக்கேற்ற வேலைக்கு வழியில்லாமல், மெக்சிகோ எல்லையை ஒட்டிய இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்தி எடுக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாகப் போய்ச் சேர்ந்தார். பிறகு லெட்டூஸ் கீரை பயிரிட்டார். குடியுரிமைக்குத் தகுதியற்றவர் நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ மாநிலச் சட்டம் இடம் தராததால், நண்பர்களின் பெயரில் குத்தகை எழுதித்தான் அவர் பயிர் செய்ய முடிந்தது. நானும் குத்தகை நிலத்தில் வெங்காயம் போடுகிறவன். விலை விழுந்து கையைக் கடித்த ஆண்டுகளிலும் சீட்டில் என் பெயராவது இருந்தது.

இந்தியருக்குக் குடியுரிமை கேட்டுப் போராடியவர்களுள் அவரும் முக்கியமானவர். அதற்கான சட்டம் 1946இல் வந்தது. 1949இல் அவர் குடிமகனானார். மறு ஆண்டே வெஸ்ட்மார்லந்து ஊரின் நீதிபதி தேர்தலில் வென்றும், குடியுரிமை பெற்று ஓராண்டு நிறையவில்லை என்று பதவி மறுக்கப்பட்டது. 1952இல் மீண்டும் நின்றார். அவர் ஜெயித்தால் கோர்ட்டுக்கு வரத் தலைப்பாகையை அவரே தருவாரா, தாங்கள்தான் வாங்க வேண்டுமா என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டபோது, தலைக்கு மேல் இருப்பது எதுவானாலும் தனக்குக் கவலையில்லை, உள்ளே இருப்பதைத்தான் பார்ப்பேன் என்றாராம். அந்த முறை பதவி கிடைத்தது.

1956இல், ஒலியின் வேகத்தை மிஞ்சி விமானம் ஓட்டிய முதல் பெண்ணான ஜாக்குலின் காக்ரனைத் தோற்கடித்துக் காங்கிரசுக்குச் சென்று, மூன்று முறை உறுப்பினராக இருந்தார். 1962இல் பக்கவாதம் தாக்கியபின் அரசியலுக்கு அவர் திரும்பவே இல்லை.

கட்டுரையில் உள்ள 'பேராசிரியர்' என்ற சொல்லை 'விவசாயி' என்று அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஒட்டன்சத்திரம்.