நோட்டீஸின் அடியில் ஒரு வரி

அன்புள்ள மருமகனுக்கு,

தண்டையார்பேட்டையிலிருந்து மாமா எழுதுவது. எண்ணூர் முகத்துவாரத்தில் நீ எடுத்து அனுப்பிய வீடியோவை உன் அத்தையும் நானும் மூன்று முறை பார்த்தோம். படகின் விளிம்பில் ஒட்டியிருந்த கறுப்பை ஒருவர் விரலால் வழித்துக் காட்டுகிறாரே, அந்த இடத்தில் நீ கையை அசைக்காமல் நின்றது எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாம் முறை பார்த்தபோதுதான் ஒரு கவலை வந்தது. நேரில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். உன்னைப்போல் படம் பிடிக்கிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று எல்லோர் பார்வைக்கும் வைக்கிறேன்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நம் வடசென்னைப் பக்கத்துக் குறை ஒன்று பத்திரிகையில் வர வேண்டுமென்றால், யாராவது ஒரு நிருபர் பேசின் பாலத்தைத் தாண்டி வர மனம் வைக்க வேண்டும். வெட்டுக்குத்து என்றால் உடனே வருவார்கள். குழாயில் சாக்கடை கலந்து வருகிறது என்றால் வர மாட்டார்கள். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது அதை வாளியால் அள்ளிய காட்சியும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கத்திலிருந்து இறங்கிய எண்ணெயில் கூழைக்கடாக்கள் இறகு ஒட்டி நின்ற காட்சியும் கைப்பேசி வழியாகவே என் கண்ணுக்கு வந்து சேர்ந்தன. யாருடைய தயவுக்கும் காத்திராமல் நம்மவர்கள் சாட்சி சொல்ல முடிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

கவலைக்கு வருகிறேன். அதற்கு என் தொழிலிலிருந்து தொடங்க வேண்டும். மண்ணடியில் ஓர் அச்சகத்தில் நான் கம்பாசிட்டராக, அதாவது அச்சுக் கோர்ப்பவனாக, இருந்தது உனக்குத் தெரியும். இடது கையில் எழுத்தை அடுக்கிப் பிடிக்கிற ஸ்டிக், எதிரே அறை அறையாக ஈய எழுத்துகள். (1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகும் தும்பிக்கை வைத்த பழைய ‘லை’யைத்தான் என் விரல்கள் வெகுநாள் தேடிக்கொண்டிருந்தன.) எந்த நோட்டீஸ் ஆனாலும் கடைசியில், ஆறு பாயிண்ட் பொடி எழுத்தில், அச்சகத்தின் பெயரும் ஊரும் கோர்ப்போம். நூலோ தாளோ, அச்சிட்டவர் பெயரும் அச்சான இடமும் அதில் இருக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. தேர்தல் நோட்டீஸ் என்றால் வெளியிடுபவர் பெயரும் வேண்டும். ஒருநாள் இரவு கடை சாத்துகிற நேரத்தில் ஒருவர் வந்தார். வார்டில் போட்டியாளரைப் பற்றி அசிங்கமாக எழுதிய ஒரு தாள். இரண்டு மடங்கு கூலி தருவதாகவும், அடியில் இருக்கிற அந்த ஒரு வரி மட்டும் வேண்டாம் என்றும் சொன்னார். முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “பேர் போட முடியாத சரக்கு நமக்கு வேண்டாம்” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். அன்று எங்களுக்குச் சம்பள பாக்கி இருந்தது, ஆகவே அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது.

இன்று கைக்கு வருகிற எதிலும் அந்த வரி இல்லை. குழந்தை கடத்துபவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் 2018 மே மாதம் பழவேற்காட்டில் ஒருவரை அடித்தே கொன்றார்கள். அந்தச் செய்தியை முதலில் எழுதியவன் யார் என்று அனுப்பியவர்களுக்கே தெரியாது. நானும் யோக்கியன் இல்லை. மிக்ஜாம் மழையின்போது, புழல் ஏரி உடைந்துவிட்டதாக ஒரு பெண் அழுதுகொண்டே பேசிய ஆடியோவை எங்கள் தெருக் குழுவில் போட்டவன் நான்தான். எதிர்வீட்டுப் பாட்டியை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கினார்கள். ஏரி உடையவில்லை. பாட்டி இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இப்போது குரலையும் முகத்தையுமே செய்துவிட முடிகிறது. 2018இல் மறைந்த கலைஞர், 2024 ஜனவரியில் சேலம் திமுக இளைஞரணி மாநாட்டுத் திரையில் செயற்கை நுண்ணறிவின் உதவியால் தோன்றிப் பேசினார். அவர் இல்லை என்பது கூடியிருந்த எல்லோருக்கும் தெரியும், அதனால் ஏமாற்று என்று சொல்ல முடியாது. படகில் நிற்கிற அந்த அண்ணனை யாருக்குத் தெரியும்? அவர் முகத்தை வைத்து யாராவது பொய் செய்வார்கள் என்பதைவிட, நீ மெய்யாக எடுத்ததையே ‘இது கம்ப்யூட்டரில் செய்தது’ என்று எதிர்த்தரப்பு ஒரே வார்த்தையில் தள்ளிவிடும் என்பதுதான் என் பயம். வசதி உள்ளவர்கள் வக்கீலையும் நிபுணரையும் வைத்து மெய்யை மெய் என்று நிறுவிக்கொள்வார்கள். நம்மிடம் இருந்தது அந்த வீடியோ ஒன்றுதான்.

உன் வீடியோவில் தேதி இல்லை, இடம் இல்லை, எடுத்தவன் யார் என்பதும் இல்லை. அடியில் பாட்டு வேறு ஓடுகிறது. இனி எடுக்கும்போது முதல் பத்து விநாடி உன் குரலிலேயே நாள், நேரம், இடம் சொல். அனல்மின் நிலையப் புகைபோக்கியோ பாலமோ ஒருமுறை படத்துக்குள் வரட்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், கோப்போடு இருக்கிற விவரங்களும் தங்காது, டாக்குமென்டாக அனுப்பு. பெயர் சொன்னால் வீட்டுக்குத் தொல்லை வரும் என்று உன் அம்மா என்னைத்தான் திட்டுவாள், அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். உங்கள் குப்பத்து நிர்வாகிகள் இரண்டு பேருக்காவது, இதை எடுத்தவன் நான் என்று எழுதிக் கொடுத்துவை.

பாட்டுச் சேர்ப்பதற்கு முன்பு எடுத்த அந்த மூல வீடியோ இன்னும் உன் போனில் இருக்கிறதா? இடம் போதவில்லை என்று அழித்துவிடாதே. என்னிடம் ஒரு பென்டிரைவ் சும்மா கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொண்டு போ. அத்தை வஞ்சிரம் வாங்கி வைப்பதாகச் சொல்கிறாள்.

அன்புடன்,
மாமா