ஆஸ்கர் மேஜையோடு நிறுத்திவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஆஸ்கர் வரலாறு பற்றி வந்த கட்டுரையில் ஹாட்டி மெக்டேனியலுக்கு ஒரு பத்தி கொடுத்திருந்தீர்கள், சந்தோஷம். 1940 பிப்ரவரி 29 அன்று லாஸ் ஏஞ்சலஸ் அம்பாசடர் ஹோட்டலில் நடந்த விழா, 'கான் வித் தி விண்ட்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகை விருது, ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர், ஆனாலும் கூட நடித்தவர்களோடு உட்கார விடாமல் சுவரோரம் போட்ட தனி மேஜை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எனக்கு ஒரே ஒரு குறை. படித்து முடித்தால் அந்தம்மா ஏதோ சோகப் படத்தில் அழுது பரிசு வாங்கியவர் என்று தோன்றுகிறது. அவர் அடிப்படையில் ஒரு காமெடி நடிகை ஐயா! சிரிக்க வைத்துச் சம்பாதித்தவர். அது கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை, வானொலி என்ற சொல்லே இல்லை.

கன்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருமே அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள், அப்பா அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையை எதிர்த்த வடக்குப் படையில் சண்டை போட்டவர். பெரிய குடும்பம், இவர் கடைக்குட்டி. வளர்ந்தது டென்வரில். 1914-இல் அக்கா எட்டாவோடு சேர்ந்து பெண்கள் மட்டுமே நடிக்கும் நகைச்சுவைக் குழு ஒன்றை நடத்தினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், சினிமாவில் தலைகாட்டுவதற்கு ஏறக்குறைய இருபது வருஷம் முன்னாலேயே மேடையில் எந்த இடத்தில் சிரிப்பு வரும், எங்கே ஒரு நொடி நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. 1920-களில் டென்வர் வானொலியில் பாடினார், இசைத்தட்டும் கொடுத்தார். 1929-இல் பங்குச் சந்தை விழுந்ததும் மேடை வாய்ப்பெல்லாம் போய், மில்வாக்கியில் ஒரு கிளப்பில் பெண்கள் கழிப்பறையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். கொஞ்ச நாளில் அதே கிளப்பின் மேடையிலேயே பாடகியாக ஏறியும் விட்டார்.

1931-இல் லாஸ் ஏஞ்சலஸ். அங்கே அண்ணன் சாம் ஏற்கெனவே கே.என்.எக்ஸ். வானொலியில் ஒரு நிகழ்ச்சியில் இருந்தார், அதில் இவரும் சேர்ந்து 'ஹை-ஹாட் ஹாட்டி' என்ற பெயரில் எஜமானர்களையே அதட்டும் வாயாடி வேலைக்காரியாகப் பேசினார். நிகழ்ச்சி நன்றாக ஓடியது, சம்பளம்தான் கட்டுப்படியாகவில்லை. அதனால் வானொலியில் வேலைக்காரி வேஷம் போட்டுக்கொண்டே, பிழைப்புக்கு நிஜமாகவே வீட்டு வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார்.

சினிமாவில் அவருடைய காமெடியைப் பார்க்க வேண்டும் என்றால் 1935-இல் வந்த 'ஆலிஸ் ஆடம்ஸ்' பாருங்கள், கேத்தரின் ஹெப்பர்ன் கதாநாயகி. வசதி இல்லாத ஒரு குடும்பம், பணக்காரப் பையனை விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, பகட்டுக்காக அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் ஒரு பணிப்பெண்ணைக் கூலிக்கு அமர்த்துகிறது, அதுதான் ஹாட்டி. தாங்க முடியாத புழுக்கம், சுடச்சுட கனமான சாப்பாடு, தலையில் வைத்த வெள்ளைத் தொப்பி சரிந்து சரிந்து விழுகிறது, இவர் வாயில் எதையோ மென்றுகொண்டு, நீங்களும் உங்கள் விருந்தும் என்கிற முகத்தோடு தட்டை நீட்டுகிறார். வசனம் ரொம்பக் கம்மி. ஆனால் அந்தக் குடும்பத்தின் பொய்ப் பகட்டு மொத்தத்தையும் அவருடைய நடையே கிழித்துப் போட்டுவிடுகிறது, என்னைக் கேட்டால் ஆஸ்கர் வாங்கிய வேஷத்தைவிட இதுதான் கஷ்டமான வேலை.

அப்புறம் 'பியூலா'. உங்கள் கட்டுரையில் விட்டே போகக் கூடாத இடம் இதுதான். பியூலா என்பது அமெரிக்க வானொலியில் வந்த கறுப்பினச் சமையல்காரி பாத்திரம். 1940-களின் நடுவில் அதற்குக் குரல் கொடுத்தவர் யார் தெரியுமா? மார்லின் ஹர்ட் என்ற வெள்ளைக்கார ஆண். ஸ்டூடியோவில் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருப்பாராம், முதல் வசனத்தைச் சொல்லிக்கொண்டே சட்டென்று திரும்புவாராம், கறுப்புப் பெண்ணின் குரல் ஒரு வெள்ளை ஆம்பிளையிடமிருந்து வருவதைப் பார்த்துக் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்குமாம். கறுப்பு நடிகைகளுக்குக் கிடைக்கிற ஒரே வேஷம் வேலைக்காரி வேஷம் என்ற காலத்தில், அந்த வேஷத்தையும் இவர்களே எடுத்துக்கொண்டார்கள்! 1946-இல் ஹர்ட் இறந்துபோனார், அடுத்து வந்தவரும் வெள்ளைக்கார ஆண்தான். 1947 நவம்பரில்தான் அந்தப் பாத்திரம் ஹாட்டியிடம் வந்தது. ஒரு கறுப்பினப் பெண் நாயகியாக இருந்து நடத்திய முதல் தேசிய வானொலித் தொடர் அது. சி.பி.எஸ். என்ற வானொலி நிறுவனத்தில் வாரம் ஐந்து நாள், தினம் 15 நிமிஷம், வாரத்துக்கு ஆயிரம் டாலர் சம்பளம். அதுவரை கேலிக்காக இழுத்து இழுத்துப் பேசிய அந்தக் கொச்சை உச்சரிப்பை நான் பேச மாட்டேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். கேட்டவர்கள் எண்ணிக்கை கூடியதே தவிர குறையவில்லை. நம் ஊரில் வானொலி நாடகம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும், தொப்பி சரிவது, முகம் சுளிப்பது எதுவும் உதவாத இடத்தில் வெறும் குரலை வைத்துத் தினமும் சிரிப்பு வரவழைப்பது லேசுப்பட்ட காரியமா?

எதிர்ப்பும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். கறுப்பின உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் நிர்வாகச் செயலாளர் வால்டர் வைட், இப்படி வேலைக்காரி வேஷமாகவே போட்டுக்கொண்டிருந்தால் எங்களைப் பற்றிய எண்ணம் எப்போது மாறும் என்று பல வருஷம் சண்டை போட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஹாலிவுட்டில் கதை எழுதுகிறவனையும் பணம் போடுகிறவனையும் விட்டுவிட்டு, கிடைத்ததை வைத்து வித்தை காட்டிய நடிகையைப் பிடித்து உலுக்குவது என்ன நியாயம் என்றும் தோன்றுகிறது. இதே ஹாட்டிதான், கறுப்பினத்தவர் இந்தத் தெருவில் வீடு வாங்கக் கூடாது என்று அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் போட்ட வழக்கில் 1945-இல் கோர்ட்டில் நின்று ஜெயித்தவர்.

1951-இல் தொலைக்காட்சிப் பியூலாவிலும் நடிக்கத் தொடங்கினார், ஆறு எபிசோடு முடித்த நிலையில் உடம்பு முடியாமல் போனது. மார்பகப் புற்றுநோய். 1952 அக்டோபர் 26-இல் காலமானார். ஹாலிவுட் கல்லறையில் அடக்கம் செய்யச் சொல்லியிருந்தார், வெள்ளையர்களுக்கு மட்டும் என்று அங்கே மறுத்துவிட்டார்கள். கலைஞர்கள் பெயரை நட்சத்திரத்தில் பொறித்து வைக்கும் ஹாலிவுட் நடைபாதையில் இன்றைக்கு அவருக்கு இரண்டு நட்சத்திரம் இருக்கிறது, ஒன்று சினிமாவுக்கு, இன்னொன்று வானொலிக்கு. அந்த ஊர்க்காரர்களே இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், நாம் ஏன் ஒன்றை மட்டும் எழுத வேண்டும்?

இன்னொரு வேண்டுகோள். ஹாட்டிக்கு உடம்பு முடியாமல் போனபோது வானொலியில் பியூலாவாகப் பேசியவர் லில்லியன் ராண்டால்ஃப். உங்கள் வாசகர்கள் அவர் குரலைக் கட்டாயம் கேட்டிருப்பார்கள். பழைய 'டாம் அண்ட் ஜெர்ரி' படங்களில் முகம் தெரியாமல் காலும் செருப்பும் மட்டும் தெரிய, துடைப்பத்தோடு டாமை விரட்டுகிற அந்த அம்மாவுக்குக் குரல் கொடுத்தவர் அவர்தான். அடுத்த ஞாயிறு அவரைப் பற்றி ஒரு கட்டுரை போடுங்கள், இந்தத் தடவை வானொலியிலிருந்து ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வானொலிப் பைத்தியம்,
திருநெல்வேலி.