பூல் தன் பெயரைப் பொறித்ததே இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரான்ஸ் நாட்டுப் பழம்பொருள்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பதினான்காம் லூயி மன்னர் காலத்து மரவேலைக் கலைஞர் ஆந்த்ரே-ஷார்ல் பூல் பற்றித் தமிழில் ஒரு முழுப்பக்கம் வந்திருப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். பாரிஸில் ஃபோபூர் சேன்ட்-ஆந்த்வான் தெருவை ஒட்டிய ஒரு பட்டறையில் பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். புதுச்சேரியில் அப்பாவிடம் இழைப்புளி பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்தவன். பூல் பாணியில் செய்த பெட்டிகளும் கடிகாரங்களும் எங்கள் மேசைக்கு அடிக்கடி வரும். அதனால் அந்தக் கட்டுரையில் இருந்த சில செய்திகளை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

முதலில், படத்துக்குக் கீழே இருந்த வரி: “பூலின் கையொப்பம் உள்ள அசல் கடிகாரம்.” பூல் தன் வேலை எதிலும் பெயர் பொறிக்கவில்லை. அவர் 1642இல் பிறந்து 1732இல் இறந்தார். பாரிஸ் மரவேலைக்காரர் சங்கம் உறுப்பினர்கள் எல்லாரும் தங்கள் பெயர் முத்திரையைச் சாமானில் குத்த வேண்டும் என்று விதி எழுதியது 1740களில். அது சட்டமாகப் பதிவானது 1751இல். அவர் உயிரோடு இருந்த காலத்தில் அப்படி ஒரு கட்டாயமே கிடையாது. இருந்திருந்தாலும் அவரைக் கட்டுப்படுத்தியிருக்காது. 1672இல் அமைச்சர் கொல்பேரின் பரிந்துரையின் பேரில் மன்னர் அவருக்கு லூவ்ர் அரண்மனையில் வீடும் பட்டறையும் கொடுத்தார். அங்கே குடியிருந்த கலைஞர்கள் சங்க விதிகளுக்கு அப்பாற்பட்டவர்கள். ஆகவே ஒரு சாமானில் “பூல்” என்று பெயர் பொறித்திருந்தால், அது அசல் என்பதற்குச் சாட்சி அல்ல. சந்தேகப்படுவதற்கான முதல் காரணம் அதுதான்.

அப்படியானால் எது அவருடையது என்று எப்படிச் சொல்கிறார்கள்? அரண்மனைக் கணக்குகள் இருக்கின்றன. அச்சில் வெளியான அவருடைய வடிவப் படங்கள் இருக்கின்றன. 1715இல் தொழிலைத் தன் நான்கு மகன்களுக்கும் எழுதிக்கொடுத்தபோது தயாரான ஆவணம் இருக்கிறது. 1720 ஆகஸ்டு 30 அன்று அவர் பட்டறை தீப்பிடித்து எரிந்தபோது என்னென்ன போயிற்று என்று அவரே கொடுத்த பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலைப் பற்றிப் படித்தால் நெஞ்சு கனக்கும். செய்துகொண்டிருந்த சாமான்கள் மட்டுமல்ல, வாழ்நாள் முழுக்கக் கடன் வாங்கி வாங்கிச் சேர்த்த ஓவியச் சேகரிப்பும் அதில் போனது. ஓவியர் ரூபன்ஸ் கைப்பட எழுதிய ஒரு குறிப்பேடும் அந்தத் தீயில் எரிந்துவிட்டது. கடன்காரர்கள் துரத்திய காலத்தில் மன்னரே அவரைக் கைதாகாமல் காப்பாற்ற வேண்டியிருந்தது. தீ விபத்தின்போது அவருக்கு வயது 77. அதற்குப் பிறகும் வேலையை விடவில்லை.

அடுத்தது “தங்கம் பதித்த அலமாரி” என்ற தலைப்பு. அது தங்கம் இல்லை, பித்தளை. “அரிய சிவப்பு மரம்” என்று கட்டுரை சொல்வது மரமே இல்லை, ஆமை ஓடு. இந்த இரண்டையும் சரியாகச் சொல்லாமல் பூலைப் பற்றி எதுவுமே சொன்னதாகாது. அவர் வேலையின் உயிரே அந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

செய்முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். அழுங்காமை என்ற கடல் ஆமையின் முதுகு ஓட்டுத் தகடுகள் வளைந்தும் மேடுபள்ளமாகவும் இருக்கும். வெந்நீரில் போட்டுச் சூடேற்றினால் இளகிவிடும். அப்போது அழுத்தித் தட்டையாக்கலாம், சூட்டோடு அழுத்தி இரண்டு தகடுகளை ஒன்றாகவும் சேர்க்கலாம். சுரண்டித் தேய்த்து ஒரே கனத்துக்குக் கொண்டுவந்ததும் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும். அதனால் பின்பக்கம் என்ன நிறம் பூசுகிறோமோ அது முன்னே தெரியும். சிவப்புச் சாயம் பூசினால் சிவப்பு, கருப்பு பூசினால் ஆழ்ந்த பழுப்பு. உங்கள் கட்டுரையாளர் பார்த்த “சிவப்பு மரம்” இதுதான்.

பிறகு அந்த ஓட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காகிதமும் பசையும் கொண்டு ஒட்டி ஒரே கட்டாக்குவார்கள். மேலே வரைபடத்தை ஒட்டி, தலைமுடி போன்ற மெல்லிய ரம்பத்தால் கோட்டின் மேலேயே அறுப்பார்கள். கொடிகள், பறவைகள், ஊஞ்சலாடும் குரங்குகள், விதானத்தின் கீழ் நிற்கும் ஆட்கள் என்று எதுவானாலும் இரண்டு தகடும் ஒரே அறுப்பில் வெட்டுப்படும். கட்டைப் பிரித்தால், ஓட்டில் விழுந்த பள்ளத்தில் பித்தளை உருவம் அப்படியே உட்காரும். பித்தளையில் விழுந்த பள்ளத்தில் ஓட்டு உருவம் உட்காரும். ஒரே அறுப்பில் இரண்டு படங்கள். ஒன்றில் இருண்ட தரையில் பளிச்சிடும் பூ, மற்றதில் பளிச்சிடும் தரையில் இருண்ட பூ. அரண்மனைகளில் ஜோடியாக வைத்த அலமாரிகள் ஒன்றுக்கொன்று நேர்மாறாக இருப்பதன் காரணம் இதுதான். சில வேலைகளில் வெள்ளீயமும் கொம்பும் சேரும்.

இதோடு முடிந்துவிட்டதா என்றால் இல்லை. பதித்த பித்தளையின் மேல் செதுக்குளியால் இலையின் நரம்பு, துணியின் மடிப்பு, முகத்தின் நிழல் எல்லாம் கீற வேண்டும். கீறிய கோட்டில் கருப்பு நிரப்ப வேண்டும். முந்நூறு ஆண்டு தேய்த்துத் துடைத்ததில் பல சாமான்களில் இந்தக் கோடுகள் மறைந்துபோயின. இன்று வெறும் பித்தளை வெட்டுரு போலத் தெரிகிற இடத்தில் ஒரு காலத்தில் முழுச் சித்திரம் இருந்தது.

தங்கம் இருப்பது மூலைகளில் உள்ள வெண்கல வார்ப்புகளில் மட்டும்: முகங்கள், சிங்கக் கால்கள், கைப்பிடிகள். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து வெண்கலத்தின் மேல் பூசி நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகப் போகும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்துத்தான் பூச்சுக்காரர்கள் நோயில் விழுந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் எந்த விலைப்பட்டியலிலும் வருவதில்லை.

சாதாரண மரவேலைக்காரர் இந்த வெண்கலத்தைத் தானே வார்க்க முடியாது. அது வார்ப்படக்காரர் சங்கத்தின் உரிமை, முலாம் பூசுவது வேறொரு சங்கத்தின் உரிமை. லூவ்ரில் இருந்ததால் பூலுக்கு மரவேலை, பித்தளை பதிப்பது, வார்ப்பு, முலாம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அவர் சாமான்களில் வெண்கலம் பிறகு கொண்டுவந்து ஒட்டவைத்ததுபோல் தோன்றாததற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. 1708-09இல் வெர்சாயின் த்ரியானோன் மாளிகையில் மன்னரின் அறைக்காக அவர் கொடுத்த ஜோடி இழுப்பறை மேசைகளைப் பாருங்கள். கனமான பளிங்கைத் தாங்க ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கால்கள். அவற்றில் நான்கு முறுக்கிய கூம்புக் கால்கள். பாரத்தைத் தாங்க வேண்டிய அவசியமே அங்கே அழகாகிவிட்டது. அந்த வடிவம் மக்களுக்கு அவ்வளவு பிடித்துப்போனதால் பிறகும் செய்தார்கள்; நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில்கூட ஒன்று இருக்கிறது.

இதையெல்லாம் நான் இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் உண்டு. கட்டுரை விலையைப் பற்றி நிறையப் பேசுகிறது; அதைப் படித்து ஆசைப்படுகிறவர்கள் நம் ஆட்கள். சில மாதங்களுக்கு முன் இங்கே வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் எங்கள் பட்டறைக்கு ஒரு மேசைக் கடிகாரத்தைக் கொண்டுவந்தது. மகள் கல்யாணத்துக்குச் சீராக ஊருக்கு அனுப்ப வாங்கியது. விற்றவர் “பதினெட்டாம் நூற்றாண்டு, பூல், பெயர்கூட இருக்கிறது பாருங்கள்” என்று காட்டிக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா தன் பல வருடச் சேமிப்பை அதில் போட்டிருந்தார். பின்கதவைத் திறந்தேன். இயந்திரத்தில் கடைந்த திருகாணிகள், காகிதம் போல மெலிந்து ஒரே சீராக உருட்டிய பித்தளை, உளிக்கோடு ஒன்றுகூட இல்லாத உருவங்கள். மூன்றாம் நெப்போலியன் காலத்து வேலை, அதாவது பூல் இறந்து நூறு வருடத்துக்கும் மேலே. அந்தக் காலத்தில் இந்தப் பாணி மறுபடி பெரிய மோகமாகி, பெட்டியும் கடிகாரமும் மைக்கூடுமாகச் செய்து குவித்தார்கள். பூலின் கையில் கனமான தகடு, லேசான ஏற்ற இறக்கம், உளியின் தடம் எல்லாம் இருக்கும். இது பூலின் வேலை இல்லை என்று அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.

கேவலமான பொருள் என்று அதை நான் சொல்லவில்லை. பூல் பாணியில் பின்னால் வந்தவர்களில் அருமையான கைகள் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எத்தியென் லெவாஸர் என்பவர் பூலின் சாமான்களைப் பழுதுபார்த்தார், அதே பாணியில் புதிதாகவும் செய்தார், தன் சொந்தப் பெயரை முத்திரையாகக் குத்தினார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். “பூல் பாணி, 19ஆம் நூற்றாண்டு” என்று எழுதி அதற்குரிய விலைக்கு விற்றால் யாருக்கும் குறையில்லை. பெயரை மாற்றிச் சொல்லி விலையை ஏற்றுவதுதான் அநியாயம். “கையொப்பம் உள்ள அசல்” என்று பத்திரிகையிலேயே வந்துவிட்டால் விற்கிறவருக்கு அது ஒரு ஆதாரமாகிவிடாதா?

இன்னொன்றும் அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்கவில்லை. அழுங்காமை நம் மன்னார் வளைகுடாவிலும் வாழும் உயிர்தான். ஓட்டுக்காகவே பல நூற்றாண்டு வேட்டையாடி அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனஉயிர்ச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கிறது. அழியும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைடிஸ் ஒப்பந்தத்திலும் அதன் வணிகம் தடைசெய்யப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 1947க்கு முந்தைய வேலைப்பாடான பழம்பொருள் என்றால் விற்கலாம், வாங்கலாம். ஆனால் எல்லை தாண்டிக் கொண்டுபோக முறையான சான்றிதழ் வேண்டும். இல்லாவிட்டால் சுங்கத்தில் பறிமுதல்தான். கல்யாணச் சீர் விமான நிலையத்தில் நின்றுபோவதைவிட இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். எங்கள் பட்டறையில் புது ஓடு தொடுவதே கிடையாது. காணாமல்போன துண்டுகளுக்குக் கொம்போ பிசினோ வைத்து நிறம் கொடுக்கிறோம். அதை நான் மனதார ஆதரிக்கிறேன். எந்த அலமாரியும் ஒரு ஆமையின் உயிருக்கு ஈடாகாது.

வீட்டில் ஏற்கனவே இப்படி ஒரு பொருள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது காற்று உலர்ந்து மரம் சுருங்கும், பித்தளை சுருங்காது. பழைய வச்சிரப் பசையும் காய்ந்து விட்டுக்கொடுக்கும், பித்தளை நுனி மேலே எழும்பும். துடைக்கிற துணி அதில் மாட்டினால் முழுக்கொடியும் பிய்ந்து வரும். ரேடியேட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். ஈரத்துணி வேண்டாம். பித்தளைப் பாத்திரம் துலக்குகிற திரவம் எதுவும் வேண்டவே வேண்டாம். மிச்சமிருக்கும் உளிக்கோட்டையும் அது தின்றுவிடும். நுனி எழும்பியிருந்தால் கடையில் விற்கிற ரசாயனப் பசையால் நீங்களே ஒட்டாமல் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். நாங்கள் பழைய பசையைச் சுரண்டி, பித்தளையின் பின்பக்கம் பூண்டை நறுக்கித் தேய்த்து, அப்புறம் மீன் பசை வைத்து அழுத்துகிறோம். பிடிப்பு நன்றாக இருக்கும். பிற்காலத்தில் இன்னொருவர் பழுதுபார்க்க வேண்டி வந்தால் சேதமில்லாமல் கழற்றவும் முடியும்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இரண்டு. “கையொப்பம்”, “தங்கம்”, “சிவப்பு மரம்” மூன்றுக்கும் அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். அதே பக்கத்தில் ஆமை ஓடு பற்றிய சட்டத்தையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால், ஊருக்குப் பொருள் கொண்டுபோகிற குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும்.

அசலைப் பார்க்க ஆசைப்படுகிற வாசகர்கள் ஏலக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. லூவ்ரில் சுல்லி பகுதியின் முதல் மாடியில் பூலின் அலமாரிகள் நிற்கின்றன, செவ்வாய்க்கிழமை விடுமுறை. வெர்சாய் போகிறவர்கள் த்ரியானோன் பக்கம் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதை நினைவில் வையுங்கள், திங்கள் விடுமுறை. லண்டனில் இருப்பவர்களுக்கு வாலஸ் அருங்காட்சியகம் இருக்கிறது, நுழைவுக் கட்டணமே கிடையாது. நேரே நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல் பக்கவாட்டில் கொஞ்சம் குனிந்து பாருங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் பித்தளையில் மிச்சமிருக்கும் உளிக்கோடுகள் கண்ணுக்குத் தெரியும்.

அன்புடன்,
இரா. செ.,
பாரிஸ்