உப்பு மரவைக்கு வார்னிஷ் எதுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல பழைய சாமான்களை வச்சு ஹாலை அழகுபடுத்துறது பத்தி ஒரு பக்கம் வந்துச்சுல்ல, அதுல ஒரு மரச்சட்டி படத்தைப் போட்டு 'டெக்கரேட்டிவ் பவுல்'னு எழுதி, நல்லா உப்புத்தாள் போட்டு தேய்ச்சு வார்னிஷ் அடிச்சா சாவி போட்டு வைக்க சூப்பரா இருக்கும்னு யோசனை வேற சொல்லியிருந்தீங்க. வயிறெரிஞ்சு போச்சு சார். அது மரவை. எங்க அப்பத்தா வீட்டுல உப்பு, புளி, ஊறுகாய் எல்லாம் அதுலதான் இருக்கும். உப்பு காத்துல இருக்க ஈரத்தை இழுத்து கசியும், இரும்புல வச்சா துரு, பித்தளைல வச்சா களிம்பு, அதனாலதான் மரத்தைக் குடைஞ்சு செஞ்சாங்க. வார்னிஷ் அடிச்சுட்டா அப்புறம் அதுல திங்கிற பொருள் எதையும் வைக்க முடியாது, சாவிக்குத்தான் லாயக்கு.

நான் பதினஞ்சு வருஷமா இந்த மாதிரி அடுப்படி சாமான்தான் சேக்குறேன். வீட்டுல திட்டு வாங்குறது தனிக்கதை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல போய் நின்னா பொழுது போறதே தெரியாது, செட்டிநாட்டு வீடுகள்லேர்ந்து வந்த மரவை, அஞ்சறைப்பெட்டி, ஜாடி, எனாமல் தூக்குனு குவிஞ்சு கிடக்கும். ஆனா எல்லாமே பழசு கிடையாது. ஒரு தடவை ஒருத்தர்கிட்ட நூறு வருஷத்து அஞ்சறைப்பெட்டினு நம்பி வாங்கிட்டு வந்து ஈரத்துணியால தொடைச்சா துணி பூரா காப்பிக் கலர்! இப்பல்லாம் நான் முதல்ல உள்ளதான் பாப்பேன். அறை மூலையில மஞ்சக் கறை ஊறியிருக்கணும், மூடி விரல் பட்டு பட்டு ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கணும், மோந்து பாத்தா வெந்தயமோ சீரகமோ லேசா அடிக்கணும். பாலிஷ் போட்டு பளபளன்னு குடுத்தா இது ஒண்ணுமே தெரியாது. கடைக்காரரை கேட்டா, வர்றவங்க பளபளப்பா தானே சார் கேக்குறாங்கனு சொல்றாரு, அதுவும் நிஜம்தான்.

நெல்லு அளக்குற மரக்கால் கதை இன்னும் மோசம், இப்ப அதுல குடை சொருகி வைக்கிறாங்க. வாய்ப்பாட்டுல 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம், ஆனா நடைமுறையில ஊருக்கு ஊரு அளவு மாறும். 1956 எடை, அளவுச் சட்டத்துக்கு அப்புறம் கிலோ, லிட்டர்னு வந்து இதெல்லாம் பரண் ஏறிடுச்சு. அதனாலதான் எந்த ஊர் வீட்டுலேர்ந்து வந்துச்சுனு ஒரு சீட்டு எழுதி உள்ள போட்டு வைங்கனு கடைக்காரங்ககிட்ட கெஞ்சுறேன். ஊர் பேர் போச்சுன்னா அது எந்த ஊர் அளவுன்னு யாரைக் கேக்குறது? ரெண்டு பேர் எழுதி வைக்க ஆரம்பிச்சிருக்காங்க, மத்தவங்க சிரிக்கிறாங்க.

நீங்க அடுத்த தடவை இந்த மாதிரி படம் போட்டா அது பேரையும், எதைப் போட்டு வச்சாங்கங்கிறதையும் ஒரு வரி போடுங்க. போட்டோ வேணும்னா என்கிட்ட இருக்கறதை எடுத்து அனுப்புறேன். ஒரு மரவை மட்டும் கொஞ்சம் லேட்டாகும், அதுல இப்ப எலுமிச்சங்கா ஊறிக்கிட்டு இருக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை